அடைப்புக்குறிக்குள் ஒரு பதவி

எங்கள் பக்கத்து மரண அறிவித்தல்களைப் படித்துப் பழகியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். போனவரைவிட இருக்கிறவர்களுக்குத்தான் அதில் இடம் அதிகம். பிள்ளைகள், மருமக்கள், சகோதரர்கள், சம்பந்திகள் என்று வரிசையாக வரும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி இருக்கும். அதற்குள் கனடா என்றோ லண்டன் என்றோ சுவிஸ் என்றோ நாடு இருக்கும். நாட்டைவிட்டுப் போகாதவர்களுக்கு அந்த இடத்தில் உத்தியோகம் இருக்கும். ஆசிரியர், கிராம அலுவலர், வங்கி முகாமையாளர். நாடும் உத்தியோகமும் இல்லாதவர் வெறும் பெயரோடு நிற்பார், கலியாண வீட்டுப் படத்தில் ஓரத்தில் பாதி முகம் விழுந்தவர் மாதிரி.

என் மாமியின், அதாவது கணவரின் தாயின், அறிவித்தலில் என் பெயருக்குப் பக்கத்திலும் ஓர் அடைப்புக்குறி வந்தது. அதனால் பட்ட வெட்கத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முதல் என் வேலை என்னவென்று சொல்ல வேண்டும். அதுவே கொஞ்சம் சிக்கலான கதை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் தனியார் தாதியர் பயிற்சிப் பள்ளியில் வேலை செய்கிறேன். டைப் அடிக்க வந்தவள். பிறகு கடிதங்களுக்குப் பதில் எழுதினேன். கடிதங்களை எழுதி எழுதியே ஆங்கிலம் கொஞ்சம் வந்தது. பிள்ளைகளைச் சேர்ப்பது, படிப்பிக்க ஆள் பிடிப்பது, ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு அனுமதி எடுப்பது, தடுப்பூசி போட்டார்களா என்று பார்ப்பது, தூர இடத்துப் பிள்ளைகளுக்குத் தங்க வீடு தேடுவது, வெள்ளைச் சட்டையின் நீளத்துக்குச் சண்டை பிடிப்பது, எல்லாம் ஒவ்வொன்றாக என் மேசைக்கு வந்து சேர்ந்தன. ஒரு நாள் கதவில் ‘பாடநெறி நிர்வாகம்’ என்று பலகை மாட்டினார்கள். ஒரு பிள்ளையின் தகப்பன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மிஸ், நீங்கள் இஞ்சை என்ன வேலையெண்டு எனக்கு இன்னும் பிடிபடேல்லை. ஆனால் நீங்கள் லீவெண்டால் எல்லாரும் சாவி துலைச்ச ஆக்கள் மாதிரி நிக்கினம்.” எனக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ் அதுதான். நான் அதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

எங்கள் பள்ளிக்குத் தலைமையாக இருந்த தாதிய ஆசிரியை மகளோடு இருக்க அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அங்கீகாரத்தைப் புதுப்பிக்கக் கொழும்பிலிருந்து ஆட்கள் வர இருந்தார்கள். அந்த நேரம் தலைமைக் கதிரையில் ஆள் இருக்க வேண்டும். இல்லையென்றால் கடைசி வருடப் பிள்ளைகள் இறுதிப் பரீட்சை எழுத முடியாது. பள்ளியை நடத்தும் டொக்டர், பத்திரிகைக்கு விளம்பரம் எழுதச் சொல்லி என்னிடம்தான் தந்தார்.

தகைமைகள் என்று போட்டுத் தொடங்கினேன். பதிவு பெற்ற தாதியாக இருக்க வேண்டும். பட்டம் வேண்டும். ஆஸ்பத்திரி வாட்டில் நின்ற அனுபவமும் வகுப்பில் நின்ற அனுபவமும் வேண்டும். எனக்கு ஒன்றும் இல்லை. கீழே கடமைகள் என்று போட்டேன். எல்லாம் நான் செய்கிறவை. மேலே இருக்கிறதை ஒருவர் கொண்டுவந்துவிட்டால் கீழே இருக்கிறதை நான்தானே செய்யப் போகிறேன் என்று மனதுக்குள் ஒரு மிதப்பு வந்தது. அந்த மிதப்பைத்தான் பிறகு ஒவ்வொரு படியாக இறக்கினார்கள்.

விளம்பரத்துக்கு ஒரே ஒருவர்தான் சரிவந்தார். தெல்லிப்பழைப் பக்கத்தில் இருக்கும், ஓய்வு பெற்ற தாதியப் போதனாசிரியை. அவரிடம் படித்தவர்கள் எல்லாரும் ரியூட்டரம்மா என்பார்கள். தொலைபேசியில் கதைத்தேன். “தலைமை இப்ப ஆர்?” என்று கேட்டார். “இடம் காலியாக் கிடக்குது அம்மா” என்றேன். “சரி, புதன்கிழமை வந்து பாக்கிறன். ஓமெண்டு சொன்னதா எடுக்கக் கூடாது” என்றார்.

அடுத்த நாள் மாமி இறந்துபோனார்.

வீடு நிறைந்து சனம். மாமியைக் குளிப்பாட்ட ஆயத்தம் செய்துகொண்டிருந்தோம். கனடாவிலிருந்து கணவரின் தம்பி அழைத்தார். அழுது முடித்துவிட்டுத்தான் எடுத்திருந்தார், குரல் அடைத்திருந்தது.

“மச்சாள், பேப்பருக்கு எல்லாற்றை விபரமும் எழுதுறன். உங்கடை போஸ்ட் என்ன?”

“பாடநெறி நிர்வாகி எண்டு போடும், தம்பி.”

“உது ஆருக்கும் விளங்காது. நெறி கட்டின வருத்தம் மாதிரிக் கிடக்குது. பள்ளிக்கூடத்தை ஆர் நடத்துறது?”

“டொக்டர்.”

“அவர் வந்து போற ஆள் எண்டெல்லோ நீங்கள் சொல்லுறனீங்கள். நாள் முழுக்க ஆர் நிக்கிறது?”

“நான்தான்.”

“அப்ப நீங்கள்தான் அதிபர். இஞ்சை நாங்கள் எல்லாரும் ஒவ்வொரு நாட்டோட நிக்கிறம். அண்ணைக்கு வெங்காயத் தோட்டம் எண்டோ போடுறது? ஊரில நிக்கிற உங்களுக்கும் ஒண்டுமில்லையெண்டால் அம்மாவைப் பாத்த ஆக்கள் ஒருத்தரும் ஒண்டுமில்லை எண்டெல்லோ சனம் நினைக்கும்.”

“என்னத்தையெண்டாலும் போடும்” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

சாவு வீட்டுக் குழப்பத்தில் விட்டுவிட்டேன் என்று சொல்லித் தப்பலாம். ஆனால் மறுநாள் பத்திரிகை வந்ததும் அதை எடுத்துக்கொண்டு ஆளில்லாத குசினிக்குள் போனேன். என் பெயர். பக்கத்தில் அடைப்புக்குறி. அதிபர், தாதியர் கல்லூரி. என்னைத் தலைமை ஆசிரியை ஆக்கியதோடு பள்ளியைக் கல்லூரியாகவும் உயர்த்தியிருந்தார் தம்பி. அடுப்படியில் நின்று அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாமி போன துக்கத்துக்கு நடுவே உள்ளே எங்கோ ஒரு மூலையில் இனித்தது. அந்த இனிப்பை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

சுவரொட்டியும் அடித்து, சந்திகளில் உள்ள மின்கம்பங்களில் எல்லாம் ஒட்டியிருந்தார்கள்.

எட்டாம் நாள் கிரியை முடித்து நான் வேலைக்குத் திரும்பியபோது அந்தப் புதன்கிழமை போய்விட்டிருந்தது. ரியூட்டரம்மா வரவில்லை. தொலைபேசியும் எடுக்கவில்லை. டொக்டர் என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, நீர்தானே அவவோட கதைச்சனீர். என்ன நடந்தது?”

“தெரியேல்லை டொக்டர்.”

“நேரில போய்ப் பாரும். அவவும் இல்லையெண்டால் கடைசி வருசப் பிள்ளையளின்ரை தாய் தேப்பனுக்கு நான் என்ன சொல்லுறது?” பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “மாமியாற்றை அறிவித்தல் பாத்தனான்” என்றார். “வடிவாப் போட்டிருக்கினம்.”

அவர் சிரித்திருந்தால்கூட எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கணவர் மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனார். தெல்லிப்பழைச் சந்தி தாண்டியதும், “அதிபரை எங்கை இறக்கிறது?” என்று கேட்டார். அவர் பகிடிக்குத்தான் கேட்டார். நான் அவருடைய முதுகில் ஒன்று போட்டேன். போகிற வழியில் ஒரு மின்கம்பத்தில் மாமி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரியூட்டரம்மா ஹவுஸ்கோட்டோடு விறாந்தையில் இருந்து முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார். நான் கேற்றைத் திறந்து என்னை இன்னார் என்று சொல்லி முடிக்க முதலே, “வாங்கோ, அதிபர்” என்றார்.

“அம்மா, அது வந்து...”

“முதல்ல இருங்கோ. மாமியார் நல்ல களையான முகம். எங்கடை சந்தியிலயும் ஒட்டிக் கிடக்குது. தேத்தண்ணி குடிப்பியளோ, இல்லை அதிபர்மார் கோப்பியோ?”

நான் தேத்தண்ணி என்றேன். போட்டுக்கொண்டு வந்து வைத்துவிட்டு மீண்டும் இலையைக் கையில் எடுத்தார்.

“தலைமை ஆரெண்டு போனில கேட்டனான். இடம் காலி எண்டனீங்கள். பேந்து பேப்பரைப் பாத்தால் அந்தக் காலி இடத்தில நீங்கள் இருக்கிறியள். அப்ப என்னை என்னத்துக்குக் கூப்பிட்டனீங்கள்? என்ரை பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டவோ?”

“அப்பிடியில்லை அம்மா.”

“முந்தி ஒரு இடத்தில அப்பிடித்தான் நடந்தது. சுவரில நான். கதிரையில வேற ஆள். பாக்க வாறவை வாற அண்டைக்கு மட்டும் கார் அனுப்பி என்னை ஏத்துவினம். சூரன்போரில சூரனுக்குத் தலை மாத்திற மாதிரி, அண்டைக்கு மட்டும் என்ரை தலை. பிள்ளையள் ஆரெண்டும் எனக்குத் தெரியாது, நான் ஆரெண்டும் பிள்ளையளுக்குத் தெரியாது. இன்னொருக்கா அப்பிடி நிக்க என்னாலை ஏலாது.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. இலையைப் பார்த்தபடி சொன்னார். அவருக்கு அது எவ்வளவு பெரிய அவமானமாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்குக் குசினிக்குள் இனித்த அதே வரி இங்கே இந்த விறாந்தையில் ஒரு மனுஷிக்குக் குத்தியிருக்கிறது.

“நான் அதிபர் இல்லை அம்மா” என்றேன். “தாதியும் இல்லை. ஏ.எல். மட்டும்தான் படிச்சனான், கலைப்பிரிவு. டைப் அடிக்க வந்தனான். கனடாவில இருக்கிற மச்சான்காரன்தான் அப்பிடிப் போட்டது.”

“நீங்கள் சொல்லாமலோ?”

“நான் சொல்லேல்லை. வேண்டாமெண்டும் சொல்லேல்லை.”

“பேப்பரில பாக்க எப்பிடி இருந்தது?”

பொய் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. “நல்லா இருந்தது” என்றேன்.

அவர் கை நின்றது. முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். “ம். அதையெண்டாலும் சொன்னீங்கள். சரி, அதிபர் இல்லாட்டி அங்கை என்ன செய்யிறனீங்கள்?”

சொல்லத் தொடங்கினேன். எனக்குக் கதைக்கப் பிடிக்கும். கதைக்கத் தொடங்கினால் வெட்கமும் மறந்துபோகும். சேர்க்கிறது, ஊசி, தங்க இடம், சட்டை நீளம் எல்லாம் சொன்னேன். சாவி துலைத்த கதையையும் சொன்னேன். கடைசியாக, நான் போட்ட நேரசூசியைத் தொலைபேசியில் எடுத்துக் காட்டினேன். வாட்டுப் பயிற்சிக்குப் பிள்ளைகள் போகிற பஸ், திரும்பி வருகிற பஸ், மாறி ஏறுகிற இடம், எல்லாம் நிறம் நிறமாக அதில் இருக்கும். “எங்கடை பிள்ளையள் ஒருத்தரும் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை அம்மா.”

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

“பிள்ளையள் வாட்டுக்கு எட்டரைக்கோ போகினம்?”

“ஓம். அந்த பஸ்ஸிலதான் இருக்க இடம் கிடைக்கும்.”

“பஸ்ஸைப் பாத்துத்தான் போட்டனீங்கள்.”

“ஓம் அம்மா.”

“இரவு டியூட்டி நிண்டவள் எத்தினைக்குப் போவாள்?”

எனக்குத் தெரியவில்லை. ஏழு மணி என்று அவரே சொன்னார். தொலைபேசியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“போறதுக்கு முதல் காலமை வந்தவளைக் கூட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாப் போவாள். இவர் இரவு கண் மூடேல்லை. இவவுக்கு மூச்சு கொஞ்சம் கனம், பாத்துக்கொள். இந்தச் சின்னன் தாயைக் கேட்டு அழுதது. அப்பிடித்தான் நோயாளியை ஒருத்தியின்ரை கையில இருந்து மற்றவளின்ரை கைக்குக் குடுக்கிறது. நான் பிள்ளையளுக்கு முதல் கிழமை படிப்பிக்கிறது அதைத்தான். எட்டரைக்குப் போற உங்கடை பிள்ளையள் என்னத்தைப் பாப்பினம்? துடைச்சு, விரிப்பு மாத்தி, சீப்பால தலை இழுத்து விட்ட நோயாளியைத்தான். கலியாண வீட்டுக்குப் பந்தி நேரம் பாத்துப் போற ஆக்கள் மாதிரி.”

நான் தொலைபேசியை அணைத்தேன்.

“எவ்வளவு காலமா உப்பிடி?”

“நான் நேரசூசி போடத் தொடங்கின நாள் துவக்கம், அம்மா. முந்தி இருந்த தலைமையம்மா வகுப்போட சரி. வாட்டு நேரத்தை என்னட்டையே விட்டிட்டா.”

“அதுக்குத்தான் அந்தக் கதிரையில தாதி இருக்க வேணும் எண்டு சட்டம் வைச்சிருக்கிறது. சுவருக்காக இல்லை.” கோப்பையைக் காட்டினார். “தேத்தண்ணி ஆறுது.”

குடித்தேன். எனக்கு ஒரு பிள்ளை ஞாபகத்துக்கு வந்தாள். எங்களிடம் படித்து முடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தவள். முதல் சம்பளத்தோடு இனிப்புக் கொண்டுவந்தபோது, “மிஸ், முதல் நாள் இரவு டியூட்டி முடிய, காலமை வந்த அக்காட்டை என்ன சொல்லுறதெண்டே தெரியாமல் முழிச்சுக்கொண்டு நிண்டனான். நல்ல பேச்சு வாங்கினன்” என்று சொன்னாள். “போகப் போகப் பழகும்” என்று நான் அவளுடைய முதுகைத் தட்டிவிட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவளுக்கு அது தெரியாமல் போனது என் நிறம் நிறமான நேரசூசியால் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அவள் தன்னைத்தான் மொக்கு என்று நினைத்திருப்பாள்.

பத்திரிகை வரிக்குப் பட்ட வெட்கம் முகத்தோடு நின்றது. இது உள்ளே இறங்கி இருந்துகொண்டது.

எழும்பினேன். ரியூட்டரம்மா கேற் வரைக்கும் வந்தார்.

“நான் வாறதெண்டால் கதிரையில நான்தான் இருப்பன். வாட்டு நேரமும் நான்தான் போடுவன்.”

“ஓம் அம்மா.”

“கல்வெட்டு அடிச்சாச்சோ?”

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைத்தான் எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்போம். அதிலும் இதே பெயர்கள், இதே அடைப்புக்குறிகள் வரும். பத்திரிகை மறுநாள் பழசாகிவிடும். கல்வெட்டை வீடுகளில் வைத்திருப்பார்கள்.

“இன்னும் இல்லை.”

“ம்” என்றார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அன்றைக்கே கனடாவுக்கு அழைத்தேன்.

“தம்பி, கல்வெட்டில என்ரை பேருக்குப் பக்கத்தில உள்ளதை எடுத்துவிடும்.”

“ஏன் மச்சாள்? ஆரும் எரிச்சல்பட்டவையோ?”

“நான் அதிபர் இல்லை. எனக்கு அந்தத் தகுதியும் இல்லை.”

“அதிபர்மாருக்கு எல்லாம் தகுதி இருக்கெண்டு ஆர் சொன்னது உங்களுக்கு?”

“எடுத்துவிடும், தம்பி.”

“வெறுமையா விட்டால் ஒரு மாதிரித் தெரியுமே. எல்லாரும் சேட் போட்டு நிக்க நீங்கள் இரண்டு பேரும் மட்டும் வெறும் மேலோட நிக்கிற மாதிரி.”

“உம்மடை அண்ணை எப்பவும் வெறும் மேலோடதானே நிக்கிறவர்.”

தம்பி சிரித்தார். “பாப்பம்” என்றார்.

அந்தியேட்டி அன்று விடியக் கீரிமலைக்குப் போய்க் கிரியைகள் முடித்து, நீராடி, வீட்டுக்கு வந்து, மத்தியானம் பந்தி தொடங்கியது. கல்வெட்டுக் கட்டு அச்சகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தது. நான் ஒன்றை உருவி, பின்பக்கம் பார்த்தேன். மைத்துனர் (கனடா). மைத்துனி (லண்டன்). அதற்குக் கீழே என் கணவரின் பெயர் (இலங்கை). என் பெயர் (இலங்கை).

கணவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “பாத்தீரே, கடைசியில நாங்களும் ஒரு நாட்டுக்குப் போய்ச் சேந்திட்டம்” என்றார்.

சாப்பாட்டுக்கு இருந்தவர்களுக்குள் ரியூட்டரம்மாவைக் கண்டேன். நான் அவருக்குச் சொல்லவில்லை. சுவரொட்டியில் இருந்த திகதியிலிருந்து நாள் எண்ணி வந்திருக்க வேண்டும். சாப்பிட்டுக் கை கழுவி வந்து, கல்வெட்டை வாங்கி, முன்னால் இருந்த தேவாரங்களைத் தாண்டி நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனார். கண்ணாடியைப் போட்டுப் படித்தார்.

“இலங்கையோ” என்றார். “பெரிய பொறுப்பு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“திங்கக்கிழமை கடைசி வருசப் பிள்ளையளோட நான் வாட்டுக்குப் போக வேணும். ஏழுக்கு முதல் நிக்க வேணும். முதல் பஸ் சரிவருமோ?”

“முதல் பஸ்ஸும் பிந்தும் அம்மா. வாடகை வான்தான் பிடிக்க வேணும்.”

“பிடியுங்கோ. அது உங்கடை வேலை.” கல்வெட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். “கதிரையைத் துடைச்சு வையுங்கோ. ஆஸ்பத்திரியால நேரை வாறன்.”

திங்கட்கிழமை வான் திருநெல்வேலியில் வீடு வீடாக நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. நித்திரைத் தூக்கத்தில் எல்லாருக்கும் என் மேல்தான் கோபம். “மிஸ், இவ்வளவு நாளும் இல்லாமல் இப்ப என்ன?” என்று ஒருத்தி கேட்டாள். பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. “இவ்வளவு நாளும் நான் பிழையாப் போட்டனான், பிள்ளை” என்றேன். அவள் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

வாட்டு வாசலில் ரியூட்டரம்மா வெள்ளைச் சேலையோடு நின்றார். பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு போனார். நான் அவர்களுக்குப் பின்னால் ஓரடி வைத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். நான் நின்றுவிட்டேன். பிள்ளைகள் வாசலில் விட்டுப்போன பைகளை எல்லாம் எடுத்து வாங்குப் பலகையில் அடுக்கினேன்.

கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். இரவு நின்ற தாதி முதல் கட்டிலின் காலடியில் நின்று மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். முகம் களைத்திருந்தது. எங்கள் பிள்ளைகள் சுற்றி நின்று குனிந்து கேட்டார்கள். வானில் கோபித்தவள்தான் எல்லாருக்கும் முன்னால் நின்றாள். ஒரு வார்த்தையும் எனக்குக் கேட்கவில்லை.

கையில் சாப்பாட்டுக் கூடையோடு ஒரு வயதான அம்மா வந்து என் பக்கத்தில் நின்றார். என்னைக் கீழும் மேலும் பார்த்தார். சேலையும் கைக்கடிகாரமும் அவருக்கு ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

“மிஸ்ஸி, இப்ப உள்ளுக்கு விடுவினமோ?”

தாதியரைச் சனம் கூப்பிடும் பெயர் அது.

“நான் மிஸ்ஸி இல்லை அம்மா” என்றேன். “உள்ளுக்கு நிக்கிற பிள்ளையளின்ரை பையளைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

“ஓ” என்றவர், கூடையையும் பைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். “அப்ப இதையும் ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ. நான் போய் முகம் கழுவிக்கொண்டு வாறன்.”

கூடையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தேன்.